அடுத்த வருடம் வரை பொறுக்கலாமா, இப்போதே வாங்கலாமா?

கேள்வி: 2019-இல் வாங்கிய லேப்டாப் வைத்திருக்கிறேன். 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. அலுவலக வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதில்தான். சப்போர்ட் முடிந்துவிட்டது என்று அடிக்கடி அறிவிப்பு வருகிறது. 2026-இல் எல்லாமே ஏஐ ஆகிவிடும், அதற்கேற்ற புது லேப்டாப் வாங்கிவிடு என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர், ஒரு வருடம் பொறுத்தால் விலை குறையும் என்கிறார். போனும் மூன்று வருடப் பழசு. எந்தக் கணிப்பை நம்பி முடிவெடுப்பது?

பதில்: வருடக் கடைசியில் வரும் கணிப்புகளைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அதற்குப் பின்னால் ஒரு தேதியோ, ஏற்கெனவே எடுக்கப்பட்ட முடிவோ இருக்கிறதா என்பதைத்தான். சட்டம் அமலாகும் நாள், சப்போர்ட் முடியும் நாள், தொழிற்சாலை எதைத் தயாரிக்கப்போகிறது என்ற முடிவு போன்றவை பெரும்பாலும் சொன்னபடி நடக்கும். மேடையில் காட்டிய டெமோ அப்படியில்லை. ஆப்பிள் 2024 ஜூனில் தன் குரல் உதவியாளரான சிரியின் புது வடிவத்தை அறிவித்தது. உங்கள் மெயிலையும் மெசேஜையும் புரிந்துகொண்டு வேலை செய்யும் என்றார்கள். 2025 மார்ச்சில் அது தள்ளிப்போனது. அந்த வசதிக்காகவே போன் மாற்றியவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆப்பிளுக்கே இந்த நிலை என்றால், மற்றவர்களின் வாக்குறுதியை நம்பி இன்று பணம் போடுவதில் அர்த்தமில்லை. வாங்கும் நாளில் அந்தப் பொருள் என்ன செய்கிறதோ, அதற்கு மட்டும் விலை கொடுங்கள்.

இப்போது உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது உண்மை. ஆனால் அதனால் உங்கள் லேப்டாப் வீணாகிவிடவில்லை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்து சரி. 2019-இல் விற்ற லேப்டாப்களில் பல இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். மைக்ரோசாஃப்ட் தரும் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலியை ஓட்டிப் பாருங்கள். டிபிஎம் இல்லை என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய அமைப்புத் திரையில், அது அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இன்டெல் போர்டுகளில் 'பிடிடி', ஏஎம்டி போர்டுகளில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் இருக்கும்.

பட்டியலில் இல்லையென்றாலும் அவசரமில்லை. தனிநபர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதோடு சிங்க் செய்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. இதைச் செய்யாமல் சும்மா விட்டு வைப்பதுதான் ஆபத்து. அதனால் இந்த வேலையை இன்றைக்கே முடித்துவிடுங்கள்.

அடுத்தது, பொறுத்தால் விலை குறையும் என்ற இரண்டாவது நண்பரின் கணக்கு. வழக்கமான வருடமாக இருந்தால் அவர் சொல்வது சரி. 2026-இல் அது பலிக்காது என்றே நினைக்கிறேன். காரணம் ராம். ராமில் இருக்கும் மெமரி சிப்பை டிராம் என்பார்கள். உலகத்தின் டிராம் சிப்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு 'எச்பிஎம்' என்ற அடுக்கு மெமரி தேவை. அதே அளவு கொள்ளளவுக்கு அது சாதாரண ராமைவிடச் சுமார் மூன்று மடங்கு சிலிக்கானை எடுத்துக்கொள்ளும் என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. லாபமும் அதில்தான் அதிகம். ஆகவே உற்பத்தி அந்தப் பக்கம் சாய்கிறது, லேப்டாப்புக்கும் போனுக்கும் வரும் பங்கு குறைகிறது. 2025 டிசம்பரில் மைக்ரான், கடைகளில் விற்கும் தன் 'குரூஷியல்' பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. புதுத் தொழிற்சாலை கட்டி உற்பத்தியைத் தொடங்க வருடக்கணக்கில் ஆகும் என்பதால் இந்தத் தட்டுப்பாடு சில மாதங்களில் தீராது. ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியின் விலையும் இதே திசையில்தான் போகிறது.

இதன் விளைவு இரண்டு விதமாக வரும். ஒன்று, விலை ஏறும். இரண்டு, விலையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே இருப்பதைக் குறைப்பார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் அது கண்ணில் படாது. போன வருடம் 16 ஜிபியோடு வந்த அதே மாடல் பெயர், இந்த வருடம் 8 ஜிபியோடு வரலாம். வாங்கும்போது பெட்டியில் உள்ள முழு மாடல் எண்ணையும் ராம் அளவையும் ஒத்துப்பாருங்கள்.

அதற்கு முன் உங்கள் பழைய லேப்டாப்பிலேயே ராம் கூட்ட முடியுமா என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்', அப்புறம் 'மெமரி'. ராம் செருகும் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை பயன்பாட்டில் என்று வலது கீழ் மூலையில் காட்டும். அதன் பக்கத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரி இருக்கும். அங்கே 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாற்றலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. காலி ஸ்லாட் இருந்தால் 16 ஜிபிக்கு உயர்த்துங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னும் ஹார்டு டிஸ்க்கில் ஓடுகிறது என்றால் ராமுக்கும் முன்பாக எஸ்எஸ்டி போடுங்கள். ஆன் ஆகும் நேரத்திலேயே வித்தியாசம் தெரியும்.

சரி, ஏஐ லேப்டாப்? 'கோபைலட் பிளஸ் பிசி' என்ற முத்திரைக்கு மைக்ரோசாஃப்ட் 2024-இல் வைத்த அளவுகோல்: குறைந்தது 16 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்பு, நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் என்பியு, அதாவது ஏஐ வேலைக்கென்றே உள்ள பிராசஸர். இதில் இன்று உங்களுக்கு உபயோகமானது அந்த 16 ஜிபிதான். என்பியு இப்போதைக்குச் செய்வது வீடியோ அழைப்பில் பின்னணியை மங்கலாக்குவது, நேரடி வசன மொழிபெயர்ப்பு, படம் திருத்துவது போன்ற சில வேலைகள். பெரிய வசதியாகக் காட்டிய 'ரீகால்', திரையில் பார்த்ததைப் படமெடுத்து வைத்துப் பிறகு தேடித் தருவது. பாதுகாப்புக் குறை பற்றிய விமர்சனத்தால் பின்வாங்கப்பட்டு, 2025 ஏப்ரலில்தான் பொதுமக்களுக்கு வெளியானது. நீங்களும் பிள்ளைகளும் பயன்படுத்தக்கூடிய சாட்ஜிபிடி, ஜெமினி எல்லாம் டேட்டா சென்டரில் ஓடுகின்றன. பிரவுசர் திறக்கிற எந்த லேப்டாப்பிலும் அவை ஒன்றுதான். அதே டேட்டா சென்டர்கள்தான் உங்கள் ராமின் விலையையும் ஏற்றுகின்றன. ஏஐக்காக லேப்டாப் மாற்ற வேண்டாம் என்று இதனால்தான் சொல்கிறேன்.

மென்பொருள் பக்கம் நான் உறுதியாக எதிர்பார்ப்பது, கேட்காமலே ஏஐயைச் சேர்த்துச் சந்தாவை உயர்த்துவது. வேர்டு, எக்செல் அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365-இல் 2025 தொடக்கத்தில் இது நடந்தது. மைக்ரோசாஃப்ட்டின் ஏஐயான கோபைலட் இல்லாத 'கிளாசிக்' சந்தா பழைய விலையில் இருந்தும், ரத்து செய்யப்போகும்போதுதான் அது கண்ணில் பட்டது என்று ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்கே போட்டது. எந்தச் சந்தாவையும் புதுப்பிக்கும் முன் ரத்து பட்டனை அழுத்தி, இரண்டு மூன்று திரைகள் போய்ப் பாருங்கள். கடைசி 'உறுதி' பட்டன் வரை எதுவும் ரத்தாகாது.

உங்களுக்காக இணையத்தில் தானே டிக்கெட் போடும், பொருள் வாங்கும் ஏஐ பிரவுசர்களும் பெருகும். ஒரு பக்கத்தில் மறைத்து வைத்த வரிகளை உங்கள் கட்டளையாக எடுத்துக்கொண்டு அவை ஏமாறும் பிரச்சினைக்கு முழுத் தீர்வு இன்னும் இல்லை. வங்கிக் கணக்கும் முக்கிய மெயிலும் திறந்திருக்கும் பிரவுசரில் அவற்றை ஓட்டவே வேண்டாம். மடிக்கும் போன், ஏஐ கண்ணாடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: சர்வர் இருந்தால்தான் வேலை செய்யும் கருவி என்றால் யோசியுங்கள். 2024-இல் வந்த, சட்டையில் மாட்டிக்கொள்ளும் ஹ்யூமேன் ஏஐ பின், 2025 பிப்ரவரி 28-உடன் செயலிழந்தது.

லேப்டாப்பை மாற்றியே ஆகவேண்டும் என்றால் யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் மாடலாகப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஏப்ரல் 28 முதல் புது லேப்டாப்களுக்கு அது கட்டாயம். தனித்தனி நாட்டுக்குத் தனித்தனி லேப்டாப் செய்வது செலவு என்பதால் மற்ற இடங்களிலும் அதுவே வழக்கமாகும்.

போன் விஷயத்தில் செட்டிங்ஸுக்குள் 'செக்யூரிட்டி பேட்ச்' தேதியைப் பாருங்கள். சமீபத்தியது என்றால் போனை மாற்ற வேண்டாம், பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். மூன்று வருடத்தில் முதலில் தளர்வது அதுதான். பேட்ச் வந்தே பல மாதம் ஆகிவிட்டது, தயாரிப்பாளரும் அந்த மாடலைக் கைவிட்டுவிட்டார் என்றால் மாற்றுங்கள். அப்போது கேமராவைப் பார்க்கும் முன் எத்தனை வருடம் அப்டேட் என்று கேளுங்கள். கூகுள் பிக்சல் 8-இலும், சாம்சங் கேலக்ஸி எஸ்24-இலும் தொடங்கி இரு நிறுவனங்களும் உயர்ரக மாடல்களுக்கு ஏழு வருடம் தருகின்றன. அந்த ஏழு வருடம் போன் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுவது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் போன வருட மாடல் எடுக்கும்போது இதைக் கழித்துக் கணக்குப் போடுங்கள்.