பெருந்தொற்றுக் காலத்தில் வீடற்றோருக்கு வழிபாட்டுத் தலங்கள் சோறு கொடுத்ததற்கு மேல் ஏதேனும் செய்தனவா?

ஊரடங்கில் தெருவோரம் கிடந்தவர்களுக்குக் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் செய்த உதவி ஏற்றத்தாழ்வைச் சிறிதாவது குறைத்ததா என்றும் கேள்வியில் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நான் பாளையங்கோட்டைக்காரன், எங்கள் சேகரத்து (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) இளைஞர்களோடு 2020-இலும் 2021-இலும் உணவுப் பொட்டலம் சுமந்தவன். திருநெல்வேலியில் கண்டதை வைத்து மட்டுமே சொல்கிறேன். சோறு போடுவதில் எந்தச் சமயத்தாரும் குறை வைக்கவில்லை. ஆனால் சோற்றுக்கு அப்பாற்பட்ட உதவி எல்லாம் ஏதாவது ஒரு பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே போய்ச் சேர்ந்தது. தெருவில் வாழ்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

சோறு அவ்வளவு விரைவாக வந்ததற்குக் காரணம் உண்டு. அம்மன் கோயில் கொடை, தேவாலயத்து அசன விருந்து, தர்கா கந்தூரி விருந்து என்று ஆயிரம் பேருக்கு உலை வைப்பது இந்தச் சீமைக்குப் பழகிய வேலை. அண்டாக்களும் கரண்டிகளும் ஏற்கெனவே கோயில் அறைகளிலும் சபை மண்டபங்களிலும் இருந்தன. கல்யாணங்கள் நின்றுபோனதால் வேலையின்றி வீட்டில் இருந்த தவசுப்பிள்ளைகள், அதாவது விருந்துச் சமையற்காரர்கள், கூப்பிட்டதும் வந்தார்கள், சிலர் கூலி வாங்கவும் மறுத்தார்கள். அறநிலையத் துறைக் கோயில்களில் 2002 முதல் நடந்துவரும் மதிய அன்னதானம், பந்தி வைக்க முடியாத நிலையில் பொட்டலமாக மாறியது. இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், மாநிலம் முழுவதும் கோயில்கள் வழியாக நாள்தோறும் ஒரு லட்சம் பொட்டலங்கள் வழங்க அத்துறை ஏற்பாடு செய்தது. இதில் ஒரு குறையும் இருந்தது. சந்திப்பு ரயில் நிலைய வாசலில் நண்பகலில் ஒன்றுக்கு நான்கு குழுக்கள் வந்து நிற்கும். இரவுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் மாறி மாறி வந்ததில், பல்லில்லாத கிழவர்களுக்குக் கஞ்சி வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்குச் சில வாரங்கள் பிடித்தன. கொடுக்கும் கையைப் படம் பிடித்துப் போட்டவர்களைப் பற்றி நான் சொல்லாமலேயே உங்களுக்குத் தெரியும்.

இனிப் பதிவேட்டுக்கு வருகிறேன். 2020 ஏப்ரலில் அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் பருப்பும் அரிசி அட்டைதாரர்களுக்கு வந்தன. அடுத்த ஆண்டு இரண்டு தவணையாக வந்த நான்காயிரமும் அப்படித்தான். முகவரி இல்லாதவருக்கு அட்டை இல்லை, அட்டை இல்லாதவருக்குப் பணம் இல்லை. சமய அமைப்புகளும் இதே முறையைத்தான் தம் அளவில் கையாண்டன. எங்கள் சபையில் சங்கக் காணிக்கை செலுத்தும் குடும்பங்களின் பட்டியலை எடுத்து மளிகைப் பை கொடுத்தோம். ஜமாஅத்தில் வரி கட்டும் வீடுகள், ஊர்க் கோயிலில் தலைக்கட்டு வரி கொடுக்கும் வீடுகள் என்று மற்ற இடங்களிலும் அதுவே நடந்தது. இதைக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். வெளியே சொல்லக் கூசும் வறுமையை, வேலை நின்றுபோன தையற்காரரின் வீட்டையோ வாடகைக் கார் ஓட்டுநரின் வீட்டையோ, அந்தப் பட்டியல்தான் அடையாளம் காட்டியது. ஆனால் பட்டியலில் இருந்த குடும்பத்துக்கு மளிகைப் பையும் மருந்துச் செலவும் பிள்ளையின் கட்டணமும் கிடைத்தபோது, அதே தேவாலயத்தின் மதிலோரம் படுத்திருந்தவருக்கு ஒரு பொட்டலம் மட்டுமே கிடைத்தது. ஏழைகளுக்குள்ளேயே இருந்த ஏற்றத்தாழ்வை நாங்கள் குறைக்கவில்லை, ஒருவகையில் கூட்டினோம்.

நெல்லையில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் மேலப்பாளையத்தில் இது சற்று வேறுவிதமாக நடந்தது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அப்பகுதி முழுவதும் அடைக்கப்பட்டது. பீடி சுற்றும் பெண்களின் வருமானம் ஒரே நாளில் நின்றது. தில்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் மாநாட்டின் வழியே தொற்று பரவியதை ஒட்டி எழுந்த வெறுப்புப் பேச்சையும் அம்மக்கள் சுமக்க வேண்டியிருந்தது. அம்மாத இறுதியில் ரமலான் பிறந்தபோது பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச வழியில்லாததால், நோன்புக் கஞ்சிக்கு அரசு கொடுத்த பச்சரிசி வீடு வீடாகச் சென்றது. அங்குள்ள என் நண்பர் சொன்னபடி, வெளியிலிருந்து எவரும் வர முடியாத அந்நாட்களில் தன்னார்வலர்கள் வரிப் புத்தகத்தை வைத்துவிட்டுத் தெருக்கணக்கில் கொடுக்கத் தொடங்கினார்கள். கடைத் திண்ணையில் கிடந்தவரும் அந்தத் தெருவின் கணக்கில் வந்துவிட்டார். நான் கேட்டவற்றுள் இதுவே சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

கூரை விஷயத்தில்தான் நாங்கள் அனைவரும் தவறினோம். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி ஒரு லட்சம் நகர மக்களுக்கு நூறு பேர் தங்கக்கூடிய உறைவிடம் ஒன்று அப்போது வேண்டியிருந்தது. 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியின் மக்கள்தொகை 4.73 லட்சம் என்பதால் நான்கு அல்லது ஐந்து தேவை. ஊரடங்கின் முதல் வாரங்களில் மாநகராட்சி தெருவோரத்தினரை அழைத்துச் சென்று பள்ளிக் கட்டடங்களில் தங்கவைத்தது உண்மை. சந்திப்புப் பேருந்து நிலையம் ஸ்மார்ட் சிட்டி பணிக்காக ஏற்கெனவே இடிக்கப்பட்டிருந்ததால், அங்கு வழக்கமாகப் படுத்தவர்கள் ஆற்றங்கரை மண்டபங்களுக்கும் மேம்பாலத்தின் அடிக்கும் நகர்ந்திருந்தார்கள். அதே மாதங்களில் கோயிலுக்கும் சபைகளுக்கும் ஜமாஅத்துகளுக்கும் சொந்தமான கல்யாண மண்டபங்கள், கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தும், பூட்டிக் கிடந்தன. வழிபாட்டுத் தலங்களை மூடும்படி அரசாணை இருந்தது, தொற்று பற்றிய அச்சமும் நியாயமானதே. ஆனால் மண்டபத்தைத் தங்குமிடமாக்க அனுமதி கேட்டு ஒரு மனுவாவது கொடுக்கப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. வழிப்போக்கனுக்குச் சத்திரம் கட்டி வைத்தவர்களின் ஊர் இது.

அடையாளம் இல்லாமையை உடைக்க முடியும் என்பதற்குத் தடுப்பூசி ஓர் எடுத்துக்காட்டு. 2021 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட நடைமுறையின்படி, பொறுப்பாளர் ஒருவர் வழியாக, எந்த அட்டையும் இல்லாத சாதுக்களுக்கும் சாலையோரத்தில் இரந்து வாழ்வோருக்கும்கூட ஊசி போட வழி உண்டாயிற்று. அதாவது 'இவரை எனக்குத் தெரியும்' என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும். அப்படிச் சொல்வதற்கு, நாள்தோறும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அர்ச்சகரையும் ஆலயப் பணியாளரையும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரையும்விடப் பொருத்தமானவர் யார்? எங்கள் பகுதியில் பொட்டலம் கொடுக்கப்போன சில இளைஞர்கள் பெயர், வயது, சொந்த ஊர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார்கள். அந்த நோட்டை வைத்துச் சிலருக்கு ஆதார் விண்ணப்பித்தோம், முதியோர் ஓய்வூதியத்துக்கும் மனுப் போட்டோம். அதிகம் பேசப்படாத இந்த வேலை, அண்டா அண்டாவாகப் போட்ட சோற்றைவிட நீடித்து நின்றது.

2021 இறுதிக்குள் பெரும்பாலான சமையல்கள் நின்றுவிட்டன. எங்கள் சேகரத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலம் இன்னும் தொடர்கிறது, நோட்டும் இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டுமாவது மண்டபத்தை இரவில் திறந்துவிட வேண்டும் என்று அந்த இளைஞர்கள் வைத்த கோரிக்கை, காவலுக்கு யார் இருப்பது, கழிப்பறையைச் சுத்தம் செய்யும் செலவை யார் ஏற்பது என்ற இரண்டு கேள்விகளில் கமிட்டி முன் நிற்கிறது.