கொழும்பில் ஒரு கிறிஸ்தவ ஊழியத்தில் விடுமுறைப் பயிற்சி: என்ன கற்றுக்கொள்ளலாம்?

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஊழியப் பயிற்சிக்குச் சேர்ந்தால் பிரசங்கம் பழகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழகலாம், ஆனால் கொஞ்சம்தான். பெரும்பாலும் கதிரை அடுக்குவது, பாட்டுத் தாள் போட்டோகொப்பி எடுப்பது என்றுதான் நாள் போகும்.

எனக்கு அதிகம் கற்றுத்தந்தது வீட்டுச் சந்திப்பு. கொட்டாஞ்சேனைப் பக்கத் தோட்டங்களில், அதாவது நெருக்கமான சிறு குடியிருப்புகளில், ஒரே அறைக்குள் ஒரு குடும்பமே இருக்கும். என்னோடு வந்த அக்கா, போனவுடன் வேதாகமத்தைத் திறக்க மாட்டார். கொடுத்த பிளேன்டீயைக் குடிப்பார், பிள்ளையின் இருமல் எப்படி, மருந்து எடுத்தீர்களா என்று விசாரிப்பார். அந்த அம்மா மனம்விட்டுப் பேசி முடித்த பிறகுதான், "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்பார். அந்தப் பொறுமையை எந்த வகுப்பிலும் நான் பார்த்ததில்லை.

அப்புறம், சிங்களம் கொஞ்சமாவது பேசப் பழகுங்கள். இங்கே பல சபைகளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஆராதனை உண்டு. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இந்துக்களும் பௌத்தர்களும் அதே வரிசையில் மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள். மற்ற மதத்தவரைப் பற்றி மேடையில் இளக்காரமாகப் பேச அதன்பிறகு மனசு வராது.

காணிக்கையை எப்போதும் இருவராக எண்ணிக் கையெழுத்திடுங்கள். சேரும் முன்னமே, யாருக்குக் கீழே வேலை, போக்குவரத்துச் செலவு தருவார்களா, ஓய்வு நாள் எது என்று பாஸ்டரிடம் நேராகக் கேளுங்கள். நல்ல ஊழியத்தில் அதைத் தப்பாக எடுக்க மாட்டார்கள்.