ஃபைபர் மோடத்தை நாமே வாங்கி மாட்டலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. சென்னிமலையில் வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்கூடம். கேபிள்காரர் தந்த ஃபைபர் மோடம் வீட்டு முன்னறையில் இருக்கிறது, கூடத்துக்குள் போனால் வைஃபை எடுப்பதே இல்லை. பெட்ஷீட் படம் அனுப்பக்கூட வாசலுக்கு வரவேண்டியிருக்கிறது. அந்த மோடத்தைக் கழற்றிவிட்டு நல்லதாக ஒன்று வாங்கி மாட்டலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்க தம்பி. அந்த ஒரே பெட்டியில் இரண்டு வேலை நடக்கிறது. ஃபைபரில் வரும் ஒளியை இணையமாக மாற்றும் ஓஎன்டி ஒன்று, வைஃபை தரும் ரூட்டர் இன்னொன்று. உங்களுக்குக் குறை வைஃபையில்தான், அப்படியிருக்க ஓஎன்டியை எதற்கு மாற்ற வேண்டும்?

ஓஎன்டியைக் கடையில் வாங்கி மாட்டினால் மட்டும் ஓடாது. ஃபைபர் லைனில் ஜிபான், இபான் என்று இரண்டு வகை, உங்களது எது என்று தெரிய வேண்டும், பெட்டியின் சீரியல் நம்பரையோ மேக் முகவரி என்ற அடையாள எண்ணையோ கம்பெனி தன் பக்கம் பதிய வேண்டும். பெருந்துறையில் குடியிருந்தபோது நான் இதைக் கேட்காமலே ஒன்றை வாங்கி மாட்டினேன். ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் விளக்கு நிலையாக எரியாமல் மின்னிக்கொண்டே இருந்தது, இரண்டு நாள் நெட் இல்லை. லேண்ட்லைனும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வருகிறது என்பது போன் செத்த பிறகுதான் தெரிந்தது.

அதோடு, ஃபைபர் முனையில் இருக்கும் பச்சைக் கனெக்டரை நீலத் துளையில் செருகினால் சிக்னல் குறையும், ஏனென்றால் பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் அப்படியில்லை. பஞ்சு பறக்கிற இடத்தில் அதைக் கழற்றி மாட்டுவதே எனக்குப் பயம், நுனியில் ஒரு தூசி ஒட்டினாலும் வெளிச்சம் குறைந்துவிடும்.

அதனால் பழைய மோடம் அங்கேயே இருக்கட்டும், காசை நல்ல ரூட்டருக்குப் போடுங்கள். மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து (நெட் கேபிள் செருகும் துளை) கூடத்துக்கு ஒரு கேட்-6 நெட் கேபிள் இழுங்கள், 100 மீட்டருக்குள் இருந்தால் போதும். ரூட்டரைக் கூடத்தில் உயரமாக மாட்டி, காற்றுத் துளைகளில் அடையும் பஞ்சை அப்பப்போ தட்டிவிடுங்கள். வைஃபை அலைவரிசையில் தூரம் போக 2.4 கிகாஹெர்ட்ஸ், பக்கத்தில் வேகத்துக்கு 5. இரண்டும் இருக்கிற ரூட்டராகவே பாருங்கள்.

அப்புறம் ரூட்டரை இணைக்க இரண்டு வழி. ஒன்று, கேபிள்காரரிடம் மோடத்தை பிரிட்ஜ் மோடில், அதாவது ரூட்டர் வேலையைப் புது ரூட்டருக்கு விட்டுவிடும்படி, போட்டுத் தரச் சொல்லி, நெட்டுக்கு லாகின் செய்யும் பிபிபிஓஇ யூசர் நேம், பாஸ்வேர்டு, கம்பெனி லைனுக்குத் தரும் விலான் எண் மூன்றையும் எழுதி வாங்குவது. ஆனால் பிரிட்ஜ் போட்டால் மோடத்தின் வைஃபையில் நெட் வராமல் போகலாம், வீட்டுக்கும் கூடத்து ரூட்டர்தான் கதி என்றாகிவிடும். வீட்டில் வைஃபை இப்போது நன்றாகத்தானே எடுக்கிறது, அதனால் இரண்டாவது வழியாக, புது ரூட்டரை அக்சஸ் பாயின்ட் மோடில், அதாவது மோடம் தரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் வேலை மட்டும் செய்யும்படி, போட்டாலே உங்களுக்குப் போதும் என்பது என் எண்ணம். கேபிள்காரர் பிரிட்ஜுக்குச் சம்மதிக்காவிட்டாலும் இது ஓடும்.

மோடத்துக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், இணைப்பை நிறுத்தும் நாளில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துத்தான் பணத்தைக் கேட்க முடியும்.