மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை: கேள்விகளும் பதில்களும்

பகலில் வழக்கு கேட்டு, மற்ற நேரத்தில் கதை எழுதிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைப் (1826–1889) பற்றி வந்த கேள்விகள் இவை. நான் முப்பது ஆண்டுகள் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவன். பழைய நாவல் என்றால் பைத்தியம். தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை: 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் வேறு, இவர் வேறு. சாஸ்திரியார் புராட்டஸ்டண்ட், பிள்ளை கத்தோலிக்கர். தயவுசெய்து குழப்பாதீர்கள்.

கேள்வி: முன்சீப் என்றால் எவ்வளவு பெரிய பதவி? தூக்குத் தண்டனை விதித்திருக்கிறாரா?

தூக்கா? முன்சீப் கோர்ட் சிவில் கோர்ட்டின் கீழ்ப்படி. கடன் பத்திரம், வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கல்யாண நகை. கொலைகாரர்கள் அந்தப் படியில் ஏறுவதில்லை. குளத்தூரில் பிறந்து, திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, பிறகு முன்சீப் ஆனவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று அவர் உட்கார்ந்த ஊர்கள் எல்லாம் காவிரிக் கடைமடைப் பக்கம்தான். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள்.

இதில் சுவாரசியமான விஷயம் பதவி அல்ல, காது. சாட்சிக் கூண்டில் ஏறியவர் கடனைப் பற்றிச் சொல்ல வந்து, "ஐயா, அன்றைக்கு எங்கள் மாடு சினையாக இருந்தது" என்று ஆரம்பிப்பார். மாட்டிலிருந்து மாமனார், மாமனாரிலிருந்து திருவிழா, திருவிழாவிலிருந்து ஒருவழியாகப் பத்திரம். நானே எத்தனையோ வாக்குமூலங்களை நகல் எடுத்திருக்கிறேன், பாதிக்குமேல் கிளைக்கதை. அவருடைய நாவல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' படிக்கும்போது அதே வாடை அடிக்கிறது. கதைக்குள் கதை, அதற்குள் ஒரு வேடிக்கை, நடுவில் ஒரு வழக்கு. விதம்விதமான வாதி பிரதிவாதிகளின் வாய்மொழியைச் சம்பளத்துக்குக் கேட்டவர் வேறு எப்படி எழுதுவார்?

கேள்வி: தமிழின் முதல் நாவல் இதுதானா?

1879இல் அச்சான முதல் தமிழ் உரைநடை நாவல் என்பது பொதுவான முடிவு. 1875இல் வந்த 'ஆதியூர் அவதானி சரிதம்' செய்யுளில் இருக்கிறது. அதை நாவல் என்று எண்ணுவதும் எண்ணாததும் உங்கள் விருப்பம்.

கேள்வி: மாயூரம் எங்கே இருக்கிறது?

மாயவரம், இன்றைய மயிலாடுதுறை.

கேள்வி: என் தாத்தா பெயரில் உள்ள பட்டாவை மாற்றுவது எப்படி?

தாலுகா அலுவலகம். அதற்கும் எனக்கும் வேதநாயகம் பிள்ளைக்கும் சம்பந்தம் இல்லை.

கேள்வி: இதை நாவல் என்பதே தவறு. யானை மாலை போட்டு அரசனைத் தேர்ந்தெடுக்கிறது, பெண் ஆண்வேடம் போட்டு நாடாள்கிறாள். பாட்டி கதைதானே?

ஆமாம், பாட்டி கதைதான். யானை நம் பாட்டிகளின் யானையேதான். ஆனால் அது யார் கழுத்தில் மாலை போட்டது என்று பாருங்கள்: ஞானாம்பாள். கதாநாயகன் பிரதாப முதலியார் அல்ல, அவர் மனைவி. அரியணை ஏறியவள் நிர்வாகம் செய்கிறாள். 'பெண்மதி மாலை' எழுதி, பெண்கள் படிக்க வேண்டும் என்று வாதாடியவர், பழைய யானையைத் தன் காரியத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். தெரிந்த கதை என்று வாசகன் சாய்ந்து உட்காரும்போதுதான் பிடி விழுகிறது.

கேள்வி (அதே நண்பர்): பிடியா? அத்தியாயத்துக்கு அத்தியாயம் உபதேசம்!

உபதேசத்தை ஒப்புக்கொள்கிறேன். நானே பல பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். ஆனால் உபதேசம் என்று நீங்கள் ஒதுக்குகிற இடத்தில்தான் கோர்ட் மொழி பற்றிய வாதமும் இருக்கிறது. நீதிபதி தமிழர், வக்கீல் தமிழர், கட்சிக்காரர் தமிழர். வாதம் மட்டும் இங்கிலீஷில் ஏன் என்று கேட்கிறார். சும்மா கேட்கவில்லை. 1805 முதல் 1861 வரையிலான சதர் அதாலத், அதாவது அக்கால மேல்முறையீட்டு உயர் கோர்ட், தீர்ப்புகளைத் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டவர் அவர். கை வலிக்க எழுதிவிட்டுத்தான் வாய் திறந்தார்.

கேள்வி (அவரே): 'கமலாம்பாள் சரித்திரம்' எவ்வளவோ மேல்.

மேல்தான். 1893இல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடங்கிய ராஜமய்யரின் கதையில் மனிதர்கள் மூச்சு விடுகிறார்கள். அதனால் முன்னவர் பொய்யாகிவிடுவாரா? தமிழில் உரைநடை நூல் இல்லாத குறையைத் தீர்க்கவே எழுதுகிறேன் என்று முன்னுரையில் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். அந்த அளவுகோலையும் கொஞ்சம் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இதற்குமேல் வாய்தா கிடையாது.

கேள்வி: தமிழின் முதல் நாவல் எது?

மேலே பார்க்கவும்.

கேள்வி: நேர்மையானவர்தானா? நீதிநூல் எழுதியவர்கள் எல்லாம் நீதிமான்கள் இல்லையே.

நியாயமான சந்தேகம். லஞ்சத்தைச் சாடிய 'நீதிநூல்' 1859இல் வந்தது, பதவியில் இருந்தபோதே. சக அதிகாரிகள் எந்த முகத்தோடு படித்தார்களோ! தாது வருடப் பஞ்சத்தில், 1876–78இல், தன் பொருளைக் கொட்டிக் கஞ்சி ஊற்றினார். நந்தனார் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனையே பாடியிருக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தீவிர சைவர், இந்தக் கத்தோலிக்கரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் 'குளத்தூர்க் கோவை' பாடினார். இவரோ திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரைப் பாடினார். அந்தக் காவிரிக்கரையில் அப்போது அப்படித்தான் பழகினார்கள்.

கேள்வி: வேறு நாவல் எழுதினாரா?

'சுகுணசுந்தரி', 1887. முதலில் பிரதாப முதலியாரைப் படியுங்கள்.

கேள்வி: 'பெத்லகேம் குறவஞ்சி'யை முன்சீப் வேலைக்கு நடுவே எப்படி எழுதினார்?

முதல் பத்தியைப் படியுங்கள். மெதுவாக.