கம்பைலர் ஏன் வாயே திறக்கவில்லை?

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி 11 இயங்குதளத்தின் சி ஹெடரை (அறிவிப்புக் கோப்பை) பார்த்து, கோப்பின் விவரங்களைத் தரும் ஸ்டாட் அழைப்புக்கான ஸ்ட்ரக்டை (தரவு அமைப்பை) ரஸ்ட் மொழியில் கையாலேயே எழுதிவைத்தேன். 12இல் கம்பைல் செய்தால் கோப்பின் அளவு கன்னாபின்னாவென்று வருகிறது. கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லையே?

பதில்: கம்பைலரைத் திட்டாதீர்கள். ரஸ்ட் சி ஹெடரைப் படிப்பதே இல்லை. நீங்கள் எழுதியதை அப்படியே நம்பும். 2018 டிசம்பரில் வந்த 12.0இல் ஐநோடு எண் (கோப்பின் அடையாள எண்) 32 பிட்டிலிருந்து 64 ஆனது. கூடவே மற்ற புலங்களும் நகர்ந்தன. ஏஎம்டி64 வகைக் கணினிகளில் 120 பைட்டாக இருந்த ஸ்ட்ரக்ட் 224 ஆகிவிட்டது. நீங்கள் 120க்குத்தான் இடம் ஒதுக்கினீர்கள். மீதி 104 பைட் பக்கத்து வீட்டில், அதாவது அடுத்திருக்கும் நினைவகத்தில், போய்க் கொட்டும். தப்பான அளவு வந்ததோடு போனதே, அது உங்கள் அதிர்ஷ்டம். இதே மாதிரி ஒரு பிழையில் நான் இரண்டு ராத்திரி தூக்கத்தைத் தொலைத்தேன். பழி முழுக்க என் மேல்தான்.

பழைய நிரல்கள் மட்டும் எப்படி ஓடுகின்றன என்றால், சி நூலகத்தில் பழைய ஸ்டாட்டும், எந்தப் பதிப்புக்கானது என்ற முத்திரையோடு, இன்னும் இருக்கிறது. சி நூலகத்துக்கான அறிவிப்புகளைத் தயாராக வைத்திருக்கும் ரஸ்ட்டின் லிப்சி தொகுப்பு அந்த முத்திரையைச் சொல்லித்தான் பழைய வடிவத்தைக் கேட்டு வாங்கியது. நீங்கள் முத்திரை சொல்லாததால் புதியது வந்தது.

சரி, இனி என்ன? லிப்சியையே பயன்படுத்துங்கள். கையால்தான் எழுதுவேன் என்றால் சிடெஸ்ட் என்ற சோதனைக் கருவியை வையுங்கள். உங்கள் ஸ்ட்ரக்டின் அளவையும் ஒவ்வொரு புலத்தின் இடத்தையும் உண்மையான ஹெடரோடு அது ஒப்பிடும். ஆனால் நீங்கள் ஆதரிக்கும் ஒவ்வொரு பதிப்பிலும் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.