குண்டுக்கு என்ன கலர் அடிப்பது?

போன இதழில் விமான மாடல்களைப் பற்றி எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. விமானத்துக்கு மூன்று மாதம் செலவழித்துப் பெயின்ட் அடித்துவிட்டு, இறக்கைக்குக் கீழே தொங்கும் குண்டில் வந்து எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். இந்த முறை அதற்கே இடம்.

கே: 1/48 அளவில் அமெரிக்கக் கடற்படையின் ஹார்னெட் போர் விமானம் செய்கிறேன். கிட்டோடு வந்த தாளில் குண்டுகளுக்கு ஆலிவ் டிராப் (பழுப்பு கலந்த மங்கல் பச்சை) என்று போட்டிருக்கிறது. படங்களைத் தேடினால் சாம்பல் நிறக் குண்டு, அதில் இரண்டு மஞ்சள் வளையம். எது சரி? (வாசகர், கோவை)

இரண்டும் சரி. எந்த வருஷத்து விமானம் என்று நீங்கள் எழுதவே இல்லையே! 1991 வளைகுடாப் போர் என்றால் கடற்படைக் குண்டுகளும் பெரும்பாலும் ஆலிவ் டிராப்தான், சாம்பல் அதற்கப்புறம் வந்தது. விமானப்படை இன்றும் சாதாரணக் குண்டுகளை ஆலிவ் டிராப்பிலேயே வைத்திருக்கிறது. கிட் கம்பெனிக்காரர்கள் பலர் ஒரே குறிப்பை எல்லாப் பெட்டியிலும் போட்டு அனுப்புவதால்தான் இந்தக் குழப்பம்.

அந்த இரண்டு வளையத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1967 ஜூலை 29, வியட்நாமுக்கு அருகே டோங்கின் வளைகுடாவில் ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பல். தளத்தில் நின்ற ஒரு ஃபேன்டம் விமானத்திலிருந்து மின்கோளாறால் ஒரு ராக்கெட் தானாகக் கிளம்பி, எதிரே நின்ற ஸ்கைஹாக் விமானத்தின் எரிபொருள் டாங்கைக் கிழித்தது. தீ பரவி, சுமார் ஒன்றரை நிமிடத்திலேயே முதல் குண்டு சூட்டில் வெடித்துவிட்டது, தீயணைக்க ஓடி வந்தவர்கள் அப்போது பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். மொத்தம் 134 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கப்பலில் ஏற்றும் குண்டுகளின் மேல் வெப்பம் தாங்கும் பூச்சு வந்தது, பூச்சு உள்ள குண்டு என்று சொல்லத்தான் இரண்டாவது மஞ்சள் வளையம். விமானப்படையின் சாதாரண 500 பவுண்டு குண்டில் ஒன்றுதான் இருக்கும்.

அந்தப் பூச்சு வழவழப்பாக இருக்காது, சிமென்ட் பூசிய சுவர் மாதிரி சொரசொரப்பு. 1/48-ல் அதைக் காட்டலாம்: கெட்டியான ப்ரைமரை (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தேய்ந்துபோன பழைய பிரஷ்ஷில் தொட்டு, குண்டின் உடம்பில் மட்டும் குத்திக் குத்தி வையுங்கள், வால் இறக்கைகளை விட்டுவிடுங்கள். காய்ந்ததும் லேசாக ஒரு உப்புத்தாள் தேய்ப்பு. 1/72-ல் இதை முயற்சி செய்தால் குண்டு பலாப்பழம் ஆகிவிடும், வேண்டாம்.

கே: மஞ்சள், பிரவுன், நீலம் என்று வளையங்கள் இருக்கின்றனவே, இஷ்டப்படி போடலாமா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

போடக் கூடாது தம்பி. அது அலங்காரம் இல்லை, குண்டைத் தூக்கிப் பொருத்துகிறவருக்கு எழுதி வைத்த சேதி. அமெரிக்க முறையில் மஞ்சள் என்றால் உள்ளே வெடிமருந்து இருக்கிறது, பிரவுன் என்றால் ராக்கெட் மோட்டார் போல எரிந்து தள்ளும் மருந்து, நீலம் என்றால் பயிற்சிக்கானது, வெடிக்காது. சைட்வைண்டர் ஏவுகணையைப் பாருங்கள், முன் துடுப்புகளுக்குப் பின்னால் வெடிமருந்து இருக்கும் வார்ஹெட் பகுதியில் மஞ்சள் வளையம், அதற்கும் பின்னால் மோட்டார் குழாயில் பிரவுன் வளையம். உடம்பு முழுக்க ஆலிவ் டிராப் குண்டுகளைத் தொங்கவிட்டு, இறக்கை நுனியில் நீல வளையம் போட்ட ஏவுகணையை மாட்டிப் போர்க்கள மாடல் என்று கொண்டுவருகிறார்கள், போட்டிகளில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்காட்சியில் நிற்கும் விமானத்தைப் படம் பிடித்து அதைப் பார்த்து அடித்தால் இப்படித்தான் ஆகும்.

அதே மாதிரி, ஏவுகணை மூக்கில் சிவப்பு ரிப்பனோடு மூடி இருந்தால் அது தரையில் நிற்கும் விமானம். சக்கரத்தை மடக்கிப் பறக்கிற மாதிரி செய்துவிட்டு மூடியை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

கே: மஞ்சள் வளையம் பிரஷ்ஷில் போட்டால் கோணலாக வருகிறது. ஆலிவ் மேல் மஞ்சள் அடித்தால் பச்சையாகத் தெரிகிறது. (வாசகி, சேலம்)

தலைகீழாகச் செய்யுங்கள். என் முதல் ஆறு குண்டுகளையும் நான் உங்களைப் போலவே பாழாக்கினேன், ஒன்றில் வளையம் சுற்றி வந்து சேர்கிற இடத்தில் இரண்டு நுனியும் சந்திக்கவே இல்லை. முதலில் மூக்குப் பக்கம் வெள்ளை, அதன் மேல் மஞ்சள். நன்றாகக் காய்ந்ததும் மாஸ்கிங் டேப்பில் 1 மி.மீ. அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டி (புது பிளேடு, கண்ணாடி மேல் வைத்து, இரும்பு ஸ்கேல் பிடித்து) சுற்றி ஒட்டுங்கள். அப்புறம் குண்டு முழுக்க ஆலிவ் டிராப். டேப்பை உரித்தால் மஞ்சள் வளையம் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். 500 பவுண்டு குண்டின் குறுக்களவு 1/72-ல் நான்கு மி.மீ. கூட இல்லை என்பதால், கடைசியில் டேப்பைத் தேடி உரிப்பதுதான் கண்ணுக்கு வேலை.

கே: எஃப்.எஸ். 36375 என்று குறிப்பில் இருக்கிறது. இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? நம் ஊரில் என்ன வாங்குவது? (வாசகர், சென்னை)

அமெரிக்க அரசின் பழைய வண்ண அட்டை எண் அது. முதல் இலக்கம் பளபளப்பைச் சொல்லும்: 1 பளபளப்பு, 2 பாதிப் பளபளப்பு, 3 மங்கல். இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பம், 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். அதனால் 36375 என்றால் மங்கலான ஒரு சாம்பல், பின்காலச் சைட்வைண்டர்களின் உடம்பு இதுதான். பெயின்ட் கம்பெனிகளில் மிஸ்டர் ஹாபி என்றால் எச்308, ஹம்ப்ரால் என்றால் 127. ஆலிவ் டிராப்புக்கு டாமியா எக்ஸ்எஃப்-62 போதும், ஆனால் நேராக அடித்தால் சின்னக் குண்டில் கறுப்பாகத் தெரியும், பத்துக்கு ஒரு சொட்டு வெள்ளை கலந்துகொள்ளுங்கள். எண்ணை வைத்துக்கொண்டு இன்னும் துல்லியம் தேடி ஐந்து டப்பா வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கப்பலில் ஒரு மாதம் வெயிலில் கிடந்த குண்டுகள் இரண்டு பக்கம் பக்கமாக இருந்தாலே ஒரே நிறமாக இருக்காது.

கே: இந்திய விமானப்படை மிக்-21, 1971. கே-13 ஏவுகணைக்கு மஞ்சளும் பிரவுனும் போட்டுவிட்டேன். தப்பா? (வாசகர், மதுரை)

தப்புதான். உருவம் சைட்வைண்டரைப் போலவே இருப்பதால் கை தானாக அங்கே போகிறது. 1958 செப்டம்பரில் தைவான் நீரிணைச் சண்டையில் ஒரு சைட்வைண்டர் வெடிக்காமல் சீன மிக்-17-ல் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தது, அது சோவியத்துக்குப் போய்த்தான் கே-13 பிறந்தது என்பார்கள். உருவத்தைப் பார்த்து எடுத்தார்களே தவிர அமெரிக்க வளைய முறையை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. வளையங்களை அழித்துவிட்டு உடம்புக்கு வெள்ளை கலந்த சாம்பல் அடியுங்கள். மியூசியத்தில் நிற்கிற ஏவுகணையைப் பார்த்து அடிக்காதீர்கள், பல இடங்களில் வருஷா வருஷம் எனாமல் பூசி பளபளவென்று வைத்திருக்கிறார்கள்.

கே: 1940 பிரிட்டிஷ் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானம். குண்டு பச்சையா, மஞ்சளா? (வாசகர், யாழ்ப்பாணம்)

1940 என்றால் பழுப்பு கலந்த மஞ்சள். கரும்பச்சை பிற்பாடு வந்தது, அதில் மூக்கருகே சிவப்பு வளையம் இருந்தால் மருந்து நிரப்பிய குண்டு. எதிரே ஜெர்மன் விமானம் வைப்பதாக இருந்தால் அவர்களுடைய எஸ்.சி. வகைக் (மெல்லிய ஓடு) குண்டுகளுக்கு வால் கூம்பில் மஞ்சள் கோடு, எஸ்.டி. வகைக்கு (தடித்த ஓடு) சிவப்பு. வால் துடுப்புகளை ஒட்டுவதற்கு முன்னாலேயே கோட்டைப் போட்டுவிடுங்கள், அப்புறம் பிரஷ் உள்ளே நுழையாது.