அண்ணன் படையில், தம்பி செனட்டில்: ஷெர்மன் சகோதரர்களின் கடிதங்கள்

கேள்வி: பழைய குடும்பக் கடிதங்களைப் படித்து ஒரு காலத்தைப் புரிந்துகொள்ள முடியுமா? நீங்கள் படித்ததில் எதைச் சொல்வீர்கள்?

முடியும். அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோக, வடக்கு அவற்றோடு மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் எனக்குப் பிடிபட்டதே இரண்டு சகோதரர்களின் கடிதங்கள் வழியாகத்தான். தம்பி ஜான் ஷெர்மன், ஒஹாயோ மாநில அரசியல்வாதி. அண்ணன் வில்லியம் டெகும்சே ஷெர்மன், அட்லாண்டாவைப் பிடித்துக் கடல்வரை படை நடத்திய ஜெனரல். 1837 முதல் 1891 வரை இருவரும் எழுதிக்கொண்டார்கள். வில்லியத்தின் மகள் ரேச்சல் அவற்றைத் தொகுத்து 1894-ல் வெளியிட்டார்.

குடும்பத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் கடிதங்கள் எளிதாகும். அப்பா ஒஹாயோ உச்ச நீதிமன்ற நீதிபதி. 1829-ல் அவர் இறந்தபோது வீட்டில் 11 பிள்ளைகள். ஒன்பது வயது வில்லியத்தைப் பக்கத்து வீட்டு தாமஸ் ஈவிங் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் வளர்த்தார். ஈவிங் பின்னாளில் செனட்டர், அமைச்சர் என்று உயர்ந்தவர். அவர் மகள் எலனைத்தான் வில்லியம் 1850-ல் மணந்தார். எலனின் தம்பிகள் மூவர் போரில் வடக்குப் படையின் ஜெனரல்கள் ஆனார்கள். ஆக, அரசியலும் ராணுவமும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த குடும்பம் அது.

என்னை உள்ளே இழுத்தது 1859 குளிர்காலம். பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் பதவிக்கு ஜான் போட்டியிடுகிறார். அடிமை முறையைக் கண்டித்த ஒரு நூலின் சுருக்கப் பதிப்பை ஆதரித்து அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். தெற்கு உறுப்பினர்கள் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வாக்கெடுப்பு மேல் வாக்கெடுப்பாக இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில் ஜான் விலகினார். அதே நேரத்தில் அண்ணன் எங்கே இருந்தார் தெரியுமா? லூசியானாவில், அந்த மாநிலம் தொடங்கிய ராணுவப் பாணிக் கல்லூரியின் தலைவராக. 1860 ஜனவரியில் கல்லூரி திறக்கிறது. சுற்றியிருப்பவர்கள் எல்லாம் அடிமைகளை வைத்திருப்பவர்கள். 'அந்த ஜான் ஷெர்மனின் அண்ணனா நீங்கள்?' என்ற கேள்வி அவரைத் துரத்துகிறது.

தம்பி அந்த நூலுக்குக் கையெழுத்துப் போட்டது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. நிதானமாக இரு, தெற்கைச் சீண்டாதே என்று எழுதுகிறார். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வில்லியத்திடம் அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லை. நாடு உடையக் கூடாது என்பது மட்டும்தான் அவர் கவலை. ஐந்து ஆண்டுகள் கழித்து, அவர் படை போன வழியெல்லாம் ஆயிரக்கணக்கான அடிமைகள் விடுதலை தேடிப் பின்னால் நடந்து வந்தார்கள். இந்த முரணைக் கடந்துபோய்விட்டு அவரைக் கொண்டாட என்னால் முடியவில்லை. கடிதங்களும் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

1861 ஜனவரியில் லூசியானா பிரிந்துபோவது உறுதியானதும் வேலையை விட்டுவிட்டு வடக்கே வந்தார். மார்ச்சில் ஜான் செனட்டரானார், அண்ணனை அதிபர் லிங்கனிடம் அழைத்துப்போனார். தெற்கில் போருக்குத் தயாராகிறார்கள் என்று வில்லியம் சொன்னதை லிங்கன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் அரசியல்வாதிகள் மீதிருந்த கோபத்தையெல்லாம் தம்பியிடம் கொட்டினார். அப்புறம் செயின்ட் லூயிஸில் ஒரு டிராம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்! படையில் சேரச் சொல்லி ஜான் எழுதிக்கொண்டே இருந்தார். மே மாதம்தான் சேர்ந்தார்.

அந்த ஆண்டின் கடைசியில் வந்த கடிதங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கென்டக்கியில் பொறுப்பிலிருந்த வில்லியம், தெற்குப் படையை விரட்டியடிக்க 2,00,000 வீரர்கள் வேண்டும் என்றார். மனம் குலைந்துபோயிருந்தார், பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். டிசம்பரில் சின்சினாட்டி நாளிதழ் ஒன்று அவருக்குப் பைத்தியம் என்றே எழுதியது. 1862 ஜனவரியில் தம்பிக்கு அவர் எழுதினார்: பிள்ளைகள் மட்டும் இல்லையென்றால் உயிரை மாய்த்துக்கொண்டிருப்பேன் என்று. நாட்டின் மிகக் கடுமையான தளபதி என்று நாம் அறிந்த ஒருவர், மூன்று மாதம் கழித்து ஷைலோ என்ற இடத்துச் சண்டையில் பெயர் வாங்கப்போகும் ஒருவர், எழுதியது அது. ஷைலோ வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. வரலாற்று நூல்களில் முடிவு தெரிந்தவர்கள்தான் பேசுவார்கள், இங்கே அப்படி யாரும் இல்லை.

தம்பியின் வேலையையும் குறைத்துப் பார்க்காதீர்கள். அதே மாதங்களில் செனட்டில் அவர் தங்கத்துக்குப் பதில் காகித நோட்டையே செல்லுபடியாக்கும் சட்டத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தார். படைவீரனுக்குச் சம்பளம் கொடுக்கக் கருவூலத்தில் தங்கம் போதவில்லை. அண்ணனின் போருக்குப் பணம் வந்த வழிகளில் அதுவும் ஒன்று.

போருக்குப் பிந்தைய கடிதங்கள் எனக்கு அவ்வளவு ஈர்ப்பாக இல்லை, 1884 தவிர. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக 1880, 1884, 1888 என மூன்று முறை முயன்றவர் ஜான், கிடைக்கவே இல்லை. 1884-ல் வேட்பாளராக நிற்கச் சொல்லிக் கட்சிக்காரர்கள் வில்லியத்தைக் கெஞ்சினார்கள். நிறுத்தினாலும் ஏற்கமாட்டேன், ஜெயித்தாலும் பதவியேற்கமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். தம்பி வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட பதவி அது. ஆனாலும் இருவருக்கும் இடையே கடிதம் நிற்கவில்லை, வில்லியம் 1891 பிப்ரவரியில் இறக்கும்வரை.

பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். 1859 டிசம்பரில் தொடங்கி 1862 ஏப்ரலில் நிறுத்துங்கள். பிடித்திருந்தால் 1837-க்குப் போங்கள். அங்கே அண்ணன் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 17 வயது மாணவன், தம்பி 14 வயதிலேயே மஸ்கிங்கம் ஆற்றுப் பணியில் நில அளவைக் குழுவுடன் வேலைக்குப் போன பையன்.